முழங்கால் பனியில நாலு வீல் வண்டி: டயர்ல காத்து எவ்வளவு வைக்கிறது?

குளிர்ப்பாதை:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவை கேக்குறேன், கொஞ்சம் நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

வண்டி லேடர் ஃப்ரேம் போட்ட நாலு வீல் டிரைவ், சாமானும் ஆளும் ஏறினா 2 டன் வந்துடும். டயர் 265/70 ஆர் 17 ஆல் டெரெய்ன், மூணு சிகர மலைக்குள்ள பனிப்பூ போட்ட முத்திரை இருக்கு, அதாவது பனிச் சோதனையில தேறின டயர், மேல இருக்கிற ரப்பர்ப் பட்டன் இன்னும் 9 மில்லிமீட்டர் நிக்குது. டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல முன்னாடி பின்னாடி ரெண்டுக்கும் 32 பி.எஸ்.ஐ-ன்னு போட்டிருக்கு. ரிம் சாதா அலாய், டயர் ஓரத்தை ரிம்மோட இறுக்கிப் பிடிக்கிற பீட்லாக் எல்லாம் கிடையாது.

போற வழி எப்படின்னா, மொதல்ல 60 கிலோமீட்டர் பனி ஒதுக்கி விட்ட தார் ரோடு, அதுக்கப்புறம் 18 கிலோமீட்டர் காட்டுப்பாதை, அதை யாரும் ஒதுக்குறதில்ல. போன வாரம் போயிட்டு வந்தவங்க முழங்கால் அளவு பனி இருக்குன்னாங்க. ராத்திரி மைனஸ் 15 வரைக்கும் இறங்கும். அங்கயே ஒரு ராத்திரி தங்கிட்டு அடுத்த நாள் திரும்புறோம், ரெண்டு வண்டியா போறோம்.

இப்ப குழப்பம் என்னன்னா, கூட வர்ற ஒருத்தர் காத்தை இறக்கவே கூடாது, டயர் பனியை வெட்டிக்கிட்டு கீழ தரையைப் புடிக்கணும்ங்கறார். இன்னொருத்தர் 15-க்கு இறக்கிடு, இல்லன்னா நூறு மீட்டர் தாண்டமாட்டேங்கறார். ரெண்டு பேருமே என்னைவிட ரொம்ப வருஷம் ஓட்டினவங்க, ரெண்டு பேர் சொல்றதும் கேட்டா சரியாதான் இருக்கு. எந்த நம்பர் வைக்கட்டும், எங்க நிறுத்தி இறக்கணும், ஒரு ஜோடி செயின் இருக்கு அதைப் போட்டா காத்து எவ்வளவு இருக்கணும், இதெல்லாம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. மணல்ல காத்து இறக்கி ஓட்டின அனுபவம் இருக்கு, பனி இதுதான் முதல் தடவை.


பழைய ஸ்டியரிங்:

தம்பி, உங்க கூட வர்ற ரெண்டு பேருமே சரியாதான் சொல்றாங்க, ஆனா ஆளுக்கு ஒரு பனியை மனசுல வச்சுக்கிட்டு சொல்றாங்க. நம்பரைக் கேக்குறதுக்கு முன்னாடி கேக்கவேண்டியது, பனிக்கு அடியில என்ன இருக்கு, டயர் அங்க போய்ச் சேருமா சேராதா, இது ஒண்ணுதான். சேரும்னா காத்தை வச்சுக்கோ, சேராதுன்னா இறக்கு. வண்டியை விட்டு எறங்கி ஒரு ஷவலை எடுத்து நேரா குத்திப் பாருங்க, ஒரு ஜாண் ஆழத்துக்குள்ள கல்லுன்னோ கெட்டி மண்ணுன்னோ தட்டுச்சுன்னா டயர் அதைத் தொட்டுரும், அங்க 28, 30 வச்சுக்கிட்டு நிதானமா போலாம். முழங்கால் வரைக்கும் ஷவல் சும்மா எறங்குதுன்னா நீங்க அடியில இருக்கிற தரையை மறந்துடணும், அப்ப உங்களுக்கு ரோடே அந்தப் பனிதான், அது மேல மிதந்துதான் போகணும்.

ஏன்னு சொல்றேன். உங்க வண்டியோட வயித்து உயரத்தை நினைச்சுக்கோங்க, டிஃப்ரன்ஷியல் கூடு தரையிலிருந்து 22 சென்டிமீட்டர் பக்கம் இருக்கும். பனி 45 சென்டிமீட்டர். டயர் வெட்டிக்கிட்டே கீழ எறங்கினா என்ன ஆகும், அது தரையைத் தொடுறதுக்கு முன்னாடி ஆக்ஸிலும் வயிறும் பனி மேல உக்காந்துடும், வண்டி எடை பூரா வயித்துக்குப் போயிடும், நாலு சக்கரமும் எடையில்லாம சும்மா சுத்தும். அதுக்கப்புறம் நாலு வீல் டிரைவ் இருந்தும் ஒண்ணும் ஆகாது, தோண்டத்தான் வேணும்.

இறக்கினா என்ன நடக்குதுன்னா, 2 டன் வண்டின்னா ஒரு சக்கரத்துக்கு 500 கிலோ, 32 பி.எஸ்.ஐ-ல கணக்குப்படி தரையில படுற இடம் 220 சதுர சென்டிமீட்டர் சுமாருக்கு வருது, 16-க்கு இறக்கினா அது கிட்டத்தட்ட ரெட்டிப்பாகணும். சைடுவாலோட வெறைப்பு கொஞ்சம் எடையைத் தாங்குறதால நெசத்துல அந்த அளவுக்கு விரியாது, ஆனாலும் நல்லாவே விரியும். நிறைய பேர் டயர் அகலமாகுதுன்னு நினைக்கிறாங்க, அகலம் கொஞ்சம்தான் கூடும், நீளம்தான் கூடும். டாங்கியோட பட்டை மாதிரி. அந்த நீளம் இருந்தா டயர் பனியை முன்னாடி சுவர் மாதிரி தள்ளிக்கிட்டுப் போகாம, மெதுவா அமுக்கி கெட்டியாக்கி அது மேலயே ஏறிப் போகும். பனியை அமுக்கினா அது இறுகும், மணல் அப்படி இறுகாது, அதுதான் ரெண்டுக்கும் வித்தியாசம்.

உங்க வண்டிக்கு நான் ஆரம்பிக்கிறது 20. பனி ஒதுக்காத இடம் தொடங்குற எடத்துலயே, மாட்டுறதுக்கு முன்னாடியே இறக்குங்க, மாட்டினதுக்கு அப்புறம் நாலு வால்வையும் பனிக்குள்ள கைவிட்டுத் தேடணும். 20-ல போய் டயர் தடம் எப்படி விழுதுன்னு இறங்கிப் பாருங்க, பட்டன் அச்சு தெளிவா பதிஞ்சிருந்தா நல்லது, தடம் உள்ள பொடிப்பொடியா உதிர்ந்து கிடந்தா டயர் வழுக்குதுன்னு அர்த்தம், 18, அப்புறம் 16. சாதா ரிம்முக்கு 15-ஐ அடி எல்லையா வச்சுக்கோங்க. நான் 12 வரைக்கும் இறக்கி ஓட்டியிருக்கேன், ஆனா அது நேர்ப்பாதை, நடந்து போற வேகம், ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்கவே இல்ல.


இரும்புக்குதிரை:

நான் இதுல மாறுபடுறேன். நானும் பதினஞ்சு குளிர்காலம் ஓட்டியிருக்கேன், ரோட்டுக் காத்துலயேதான் ஓட்டினேன், அதிகம் போனா 3, 4 பி.எஸ்.ஐ குறைப்பேன், அவ்வளவுதான். பனியில ஒல்லி டயரும் நல்ல காத்தும்தான் புடிக்கும். ஸ்வீடன்ல நடக்குற உலக ராலியில பாருங்க, அந்த வண்டிங்களுக்குப் போடுறது ஒல்லியான ஆணி வச்ச டயர், அது மேல் பனியைக் கிழிச்சுக்கிட்டு அடியில இருக்கிற ஐஸைக் கடிக்குது. மிதக்கிறது நல்லதுன்னா அவங்க அகல டயர்ல போடணும் இல்லையா.

அதோட காத்து இறக்கினா பட்டன் நடுவுல இருக்கிற மெல்லிசு கீறல்கள் ஒண்ணோட ஒண்ணு நசுங்கி மூடிக்குது, தரை மேல ஒவ்வொரு பட்டனும் அமுக்குற அழுத்தமும் குறையுது, ஸ்டியரிங் திருப்பினா வண்டி அரை நொடி கழிச்சுத்தான் திரும்புது. வண்டிங்க ஓடி ஓடி கெட்டியான பனி ரோட்டுல இது ஆபத்து. ஐஸ் மேல சொல்லவே வேணாம், அங்க 32 வச்சாலும் 15 வச்சாலும் பிரேக் போட்டா நிக்காது, ஆணியோ செயினோ மட்டும்தான் நிறுத்தும். புதுசா வர்றவர்கிட்ட 15-க்கு இறக்குன்னு சொல்லி அனுப்பினா அவர் அதே 15-ல தார் ரோட்டுலயும் 80-ல ஓட்டிடுவார், அதுதான் என் பயம்.


பழைய ஸ்டியரிங்:

இரும்புக்குதிரை அண்ணே, நீங்க சொன்னதுல ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்கல, கெட்டிப் பனி, ஐஸ், கணுக்கால் அளவு ஈரப் பனி, மூணுலயும் உங்க வழிதான் சரி. ஆனா ராலி ரோடு இறுகி ஐஸ் பிடிச்ச ரோடு, மேல இருக்கிறது மெல்லிசான அடுக்கு, ஆணி கடிக்கிறதுக்கு அடியில ஒண்ணு இருக்கு. தம்பி போறது யாருமே ஒதுக்காத 18 கிலோமீட்டர். அங்க கடிக்கிறதுக்கு எதுவும் எட்டாது. இன்னொரு பக்கம் ஐஸ்லாந்தைப் பாருங்க, பனியாறு மேல ஓடுற வண்டிங்க 38 இன்ச், 44 இன்ச் டயரைப் போட்டுக்கிட்டு 3, 4 பி.எஸ்.ஐ வரைக்கும் இறக்கி ஓட்டுறாங்க, டயர் பாதி சப்பையா நிக்கும், அவங்க அடியில நூத்துக்கணக்கான மீட்டர் பனி இருக்கு, வெட்டிக்கிட்டு எங்க போறது. அவங்க டயரை ரிம்மோட பிடிச்சு வச்சிருக்காங்க, அதனால அந்த நம்பரை நாம தொடக்கூடாது, ஆனா தத்துவம் அதேதான்.

80 பத்தி நீங்க சொன்னது முக்கியம். தம்பி, 20-க்குக் கீழ இறக்கினா மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல போகாதீங்க, வெளியில மைனஸ் 15-ன்னாலும் சைடுவால் மடங்கி மடங்கி உள்ள சூடாகும், வெளிக்குளிர் அதைக் காப்பாத்தாது. தார் ரோடு தொட்டதும் நிறுத்தி ஏத்துங்க.


மலைச்சாரல்:

நான் ஒரு விஷயம் சொல்லணும், இதை யாரும் எனக்கு முன்னாடி சொல்லல, சொல்லியிருந்தா ஒரு காலைப்பொழுது தப்பியிருக்கும்.

ரெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி பாதை, ரோட்டுல ஒரு மணி நேரம் நல்லா ஓட்டிட்டு வந்து பனி ஆரம்பிக்கிற எடத்துல நிறுத்தி உடனே கேஜைப் போட்டு 14-க்கு இறக்கினேன். டயர் தொட்டா வெதுவெதுன்னு இருந்துச்சு, அதை நான் கண்டுக்கவே இல்ல. அன்னிக்கு ஓட்டம் அருமையா இருந்துச்சு, எங்கயும் மாட்டல. ராத்திரி மைனஸ் 18. காலையில வண்டியைத் திருப்பி நிறுத்தலாம்னு ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு பின்னாடி எடுத்தேன், முன் இடது பக்கம் டொப்புன்னு ஒரு சத்தம், வண்டி அந்தப் பக்கம் சாஞ்சிருச்சு. டயர் ரிம்மை விட்டு வெளிய வந்திருச்சு. மத்த மூணு டயரையும் அளந்தா 10 கூட இல்ல. யாரும் காத்தை எடுக்கல, ஓட்டையும் இல்ல, வெதுவெதுப்பா இருந்தப்போ 14 இருந்தது குளிர்ந்ததும் தானா 10-க்கு வந்திருச்சு. சாதாரணமா 32-லிருந்து 4 குறைஞ்சா ஒண்ணும் தெரியாது, 14-லிருந்து 4 குறைஞ்சா டயரை ரிம்முல பிடிச்சு வைக்கிற பலத்துல கால்வாசிக்கு மேல போயிடுது. அதுக்கு மேல, டயர் ரிம்முல உக்கார்ற பீட் ஓரத்துல பனி புகுந்து ஐஸா உறைஞ்சு ஏற்கனவே நெம்பிக்கிட்டு இருந்திருக்கு.

திருப்பி ஏத்த ரெண்டரை மணி நேரம். ஜாக்கி பனிக்குள்ள எறங்காம இருக்க அடியில கெட்டிப் பலகை வச்சு தூக்கினோம், ரிம்மோட உள்வட்டத்துல ஒட்டியிருந்த ஐஸை முழுசா சுரண்டணும், கொஞ்சம் விட்டாலும் அந்த எடத்துல காத்து சீறும். சோப்புத் தண்ணி உடனே உறைஞ்சிடும், அதனால கண்ணாடி துடைக்கிற உறையாத வாஷர் தண்ணியைப் பீட்ல தடவினோம். சரக்கு கட்டுற ராட்செட் பெல்ட்டை டயர் மேல வளையமா போட்டு இறுக்கி, வால்வு உள்ள இருக்கிற ஊசியைக் கழட்டிட்டு கம்ப்ரஸர் போட்டா நாலாவது தடவைதான் உக்காந்துச்சு. எரியுற ஸ்ப்ரே அடிச்சு நெருப்பு வச்சு டயரை உக்கார வைக்கிற வீடியோ பார்த்திருப்பீங்க, தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க, கையும் கண்ணும் போகும்.

அதனால நான் இப்ப பண்றது, ரோட்டை விட்டு இறங்கின உடனே 20 வரைக்கும் மட்டும் இறக்குவேன். அரை மணி நேரம் பனியில மெதுவா ஓட்டிட்டு, டயர் குளிர்ந்ததும் திரும்ப அளந்து வேண்டிய நம்பருக்குக் கொண்டுவருவேன். காலையில வண்டியை அசைக்கிறதுக்கு முன்னாடி நாலு டயரும் அளப்பேன், 15-க்குக் கீழ இருந்தா ஏத்திட்டுத்தான் கிளப்புவேன். அளக்குற கேஜும் 0-லிருந்து 60-க்குள்ள இருக்கிறதா வாங்குங்க, 150 வரைக்கும் போற கேஜ்ல 15-க்கும் 12-க்கும் முள் நகர்றதே தெரியாது.


குளிர்ப்பாதை:

அக்கா, பழைய ஸ்டியரிங் அண்ணா, இரும்புக்குதிரை அண்ணா, மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. சூடா இருக்கும்போது அளக்குற விஷயம் எனக்குச் சுத்தமா தோணவே இல்ல, நானும் அதையேதான் பண்ணியிருப்பேன்.

இன்னும் கொஞ்சம் கேள்வி இருக்கு. நாங்க போற எடம் நான் காத்து அடிக்கிற எடத்தைவிட 2000 மீட்டர் உயரம், உயரத்துல டயர் காத்து கூடும்னு படிச்சேன், குளிர்ல குறையும்னும் சொல்றீங்க, ரெண்டும் சேர்ந்தா எப்படி? ஒருத்தர் நைட்ரஜன் அடிச்சா இந்தக் கவலையே இல்லன்னார், அது உண்மையா? கம்ப்ரஸர் சிகரெட் லைட்டர் ஓட்டையில சொருகுற சின்னது. செயின் பத்தியும் யாராவது சொல்லுங்க.


காத்துக்கணக்கு:

நண்பா, கணக்குப் பகுதியை நான் சொல்றேன். டயர்ல இருக்கிற காத்தோட அழுத்தம் முழு வெப்பநிலையோட சேர்ந்து ஏறி இறங்கும், முழு வெப்பநிலைன்னா மைனஸ் 273-லிருந்து எண்ணுறது, அழுத்தமும் வெளிக்காத்தோட 14.7-ஐச் சேர்த்து எண்ணணும். 32 வச்ச டயர் 10 டிகிரி குளிர்ந்தா ஒன்றரை பி.எஸ்.ஐ-க்குக் கொஞ்சம் மேல குறையும். 15 வச்ச டயர் அதே 10 டிகிரிக்கு 1 பி.எஸ்.ஐ குறையும், நம்பர்ல கம்மிதான், ஆனா 15-ல 1 போறது 32-ல ஒன்றரை போறதைவிடப் பெரிய பங்கு. மலைச்சாரல் சொன்ன 14, டயர் 25 டிகிரியில இருந்திருந்தா மைனஸ் 18-ல 9.9 வரணும், அவங்க பார்த்தது அதேதான்.

உயரம் வந்து எதிர்ப்பக்கம் இழுக்கும். மேல போகப்போக வெளிக்காத்து லேசாகுறதால கேஜ் கூடுதலா காட்டும், கடல் மட்டத்துலிருந்து 2000 மீட்டருக்கு 3 பி.எஸ்.ஐ சுமார். அதனால கீழ 20 டிகிரியில 32 அடிச்சுட்டு 2000 மீட்டர் மேல போய் மைனஸ் 10-ல நிறுத்தினா குளிர் 5 குறைச்சிருக்கும், உயரம் 3 கூட்டியிருக்கும், கேஜ்ல 30 பக்கம் தெரியும். ஆனா நீங்க இதெல்லாம் பேப்பர்ல போட வேண்டியதில்ல, பனியில ஓட்டுற எடத்துல, குளிர்ந்த டயர்ல, கையில இருக்கிற கேஜ் என்ன சொல்லுதோ அதுதான் உங்க நம்பர். டயர் தரையில எவ்வளவு விரியுதுங்கறதைத் தீர்மானிக்கிறது அந்தக் கேஜ் அழுத்தம்தான். சூடான கராஜுக்குள்ள நிறுத்திக் காத்து அடிக்கிறவங்க இதை நினைவு வச்சுக்கணும், உள்ள 20 டிகிரியில சரியா 32 வச்சு வெளிய மைனஸ் 10-க்கு எடுத்துட்டுப் போனா 27-தான் மிச்சம், காலையில டேஷ்போர்டுல டயர் விளக்கு எரியுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

நைட்ரஜன் உண்மையில்ல. நாம அடிக்கிற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், குளிர்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் சுருங்கும். அதுல ஈரம் இருக்காது, அது ஒண்ணுதான் இங்க உபயோகம்.

ஈரம்னு சொன்னதும் வால்வு. காத்து இறக்குறப்போ பனித்துகளோ ஈரமோ வால்வு ஊசியில உக்காந்து உறைஞ்சா ஊசி முழுசா மூடாது, ராத்திரி பூரா மெல்லக் கசியும். இறக்கினதும் எச்சிலோ வாஷர் தண்ணியோ ஒரு சொட்டு வச்சுப் பாருங்க, குமிழி வந்தா ஊசியை அமுக்கி விட்டுத் துடைங்க, மூடியைக் கண்டிப்பா போடுங்க.

எல்லா டயருக்கும் ஒரே நம்பர் ஒத்துவராது. மொத்தமான சைடுவால் இருக்கிற பத்து பிளை டயருக்கு 18 வச்சாலும் நிமிர்ந்து நிக்கும், மெல்லிசு டயர் அதே 18-ல நல்லாப் படுத்துடும். ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டுற சின்ன வண்டிக்கு இன்னும் கீழ போனாத்தான் விரியும். அதனால ஸ்கேல் வச்சு அளக்குற வழி ஒண்ணு இருக்கு, சமதரையில ரோட்டுக் காத்துல ரிம் அடி விளிம்புலிருந்து தரை வரைக்கும் அளந்துக்கோங்க, உங்க டயருக்கு 16 சென்டிமீட்டர் பக்கம் வரும், அது கால்வாசி குறைஞ்சு 12 ஆகுற வரைக்கும் இறக்குங்க, அந்த எடத்துல கேஜ் என்ன காட்டுதோ அதை எழுதி வச்சுக்கோங்க. முன்னாடி இன்ஜின் எடை, பின்னாடி சாமான் எடை, ரெண்டுக்கும் வேற வேற நம்பர் வரலாம், வந்தா அப்படியே வைங்க. வீட்லயே ஒரு நாள் இதைப் பண்ணிடுங்க, பனியில குனிஞ்சு ஸ்கேல் பிடிக்க முடியாது.

கம்ப்ரஸரை அந்த ஓட்டையில சொருகாதீங்க, நாலு பெரிய டயரை 15-லிருந்து 32-க்கு ஏத்துறதுக்குள்ள ஃபியூஸ் போயிடலாம். பேட்டரியில நேரா கிளிப் மாட்டுறது வாங்குங்க, இன்ஜின் ஓடணும். ராத்திரி கம்ப்ரஸரும் ஹோஸும் கேபினுக்குள்ள இருக்கட்டும், வெளிய கிடந்தா ஹோஸ் கம்பி மாதிரி வெறைச்சு வால்வு மேல உக்காராது. இன்ஜின் ஓட வச்சு நிறுத்துற எந்த நேரத்துலயும் சைலன்ஸர் வாய் பனியில பொதைஞ்சிருக்கான்னு முதல்ல பாருங்க, அடைச்சிருந்தா புகை கேபினுக்குள்ள வரும், அதுல வர்ற கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது, உள்ள தூங்குறவங்க எழுந்திருக்கமாட்டாங்க.


இரும்புக்குதிரை:

செயின் பத்தி நான் சொல்றேன், என் பாதையில அதுதான் வருஷா வருஷம் வேலை. செயின் மாட்டுறதுன்னா ரோட்டுக் காத்துலயே மாட்டணும். இறக்கின டயர்ல மாட்டினா டயர் ஒவ்வொரு சுத்துக்கும் நசுங்கி நிமிர்றதுல செயின் தளர்ந்துகிட்டே வரும், அப்புறம் சைடுவாலை அறுக்கும், கழண்டு ஃபெண்டர்லயும் பிரேக் ஹோஸ்லயும் அடிக்கும். மாட்டிட்டு நூறு மீட்டர் போய் நிறுத்தித் திரும்ப இறுக்குங்க. வேகம் 50-ஐத் தாண்டாதீங்க, செயின் கம்பெனி அதைவிடக் கம்மியா சொல்லியிருந்தா அதுதான் கணக்கு.

ஒரு ஜோடிதான் இருக்குன்னா எந்த ஆக்ஸில்ல போடணும்னு வண்டி மேனுவல்ல இருக்கும், அதை மீறாதீங்க. முன்னாடி மட்டும் போட்டா இறக்கத்துல பின்பக்கம் விலகிச் சுத்தப் பார்க்கும், பின்னாடி மட்டும் போட்டா ஏத்தம் ஏறும், ஆனா வளைவுல முன்சக்கரம் நேரா போகும். முடிஞ்சா ரெண்டு ஜோடி எடுத்துட்டுப் போங்க. செயினோட வேலை ஐஸ் பிடிச்ச ஏத்த இறக்கத்துல, காத்து இறக்குறதோட வேலை ஆழமான பொடிப்பனியில, ஒண்ணுக்கு இன்னொண்ணு மாத்தா வராது. முழங்கால் பனிக்கு இறக்கித்தான் ஆகணும்ங்கறதை நான் ஒத்துக்கிறேன், நான் ஓட்டுற பாதையில அவ்வளவு ஆழம் வர்றதே இல்ல, அதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும்.


பழைய ஸ்டியரிங்:

ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன், காத்து சரியா வச்சும் கால் சரியில்லன்னா மாட்டும். ஃபோர் லோ, அதாவது நாலு சக்கரத்துக்கும் மெதுவா பலமா இழுக்குற கியர், அதைப் போட்டு ரெண்டாவது, மூணாவது கியர்ல எடுங்க, ஆக்ஸிலரேட்டரை முட்டையை மிதிக்கிற மாதிரி மிதிங்க. முன்னாடி பனி குவிஞ்சு வண்டி திணறுறது தெரிஞ்ச உடனே விட்டுடுங்க, இன்னும் கொஞ்சம் மிதிச்சா போயிடும்னு தோணும், போகாது, சக்கரம் நாலு சுத்து சும்மா சுத்தினா அந்தச் சூட்டுல அடியில பனி உருகி உடனே கண்ணாடி மாதிரி ஐஸாயிடும். நிறுத்தி, வந்த தடத்துலயே பத்து மீட்டர் பின்னாடி போய், திரும்ப மெதுவா முன்னாடி வாங்க, ஒவ்வொரு தடவையும் ஒரு வண்டி நீளம் கிடைக்கும். டிராக்ஷன் கண்ட்ரோல் பவரை வெட்டுச்சுன்னா அதை ஆஃப் பண்ணிப் பாருங்க. பக்கவாட்டுச் சரிவுல டிஃப் லாக் போடாதீங்க, ரெண்டு சக்கரமும் சேர்ந்து சுத்தினா ஆக்ஸிலே சரிவு பக்கம் நழுவும்.

உக்காந்துட்டா முதல்ல வயித்துக்கு அடியில இருக்கிற பனியை இழுத்து எடுங்க, அப்புறம் சக்கரத்துக்கு முன்னாடி, அதுக்கப்புறம்தான் இன்னும் 2 பி.எஸ்.ஐ. வயிறு உக்காந்திருக்கும்போது காத்தை இறக்கினா வண்டி இன்னும் கீழதான் போகும்.


குளிர்ப்பாதை:

போயிட்டு வந்துட்டோம், எல்லாரும் இவ்வளவு எழுதினதால என்ன நடந்துச்சுன்னு எழுதிடறேன்.

போறதுக்கு முன்னாடி வீட்லயே ஸ்கேல் வச்சு அளந்தேன், ரோட்டுக் காத்துல முன்னாடி 16, பின்னாடி சாமானோட 15.5 சென்டிமீட்டர். கால்வாசி குறையுறப்போ முன்னாடி 17, பின்னாடி 18 பி.எஸ்.ஐ காட்டுச்சு, இதையேதான் பனியில வைக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். பனி ஆரம்பிச்ச எடத்துல ஷவல் குத்திப் பார்த்தோம், முதல் 3 கிலோமீட்டர் கணுக்கால்தான், அடியில கல்லு தட்டுச்சு, அங்க 28-லயே போனோம். அதுக்கப்புறம் ஷவல் பாதிக்கு மேல எறங்க ஆரம்பிச்சதும் நிறுத்தி 20, அரை மணி நேரம் கழிச்சு அளந்தா எதையும் தொடாமலே 18 ஆகியிருந்துச்சு, அதை 17-ஆக்கினேன். பின்னாடி அப்படியே விட்டுட்டேன். கூட வந்த வண்டி முதல்ல 30-லயே வந்தாரு, என் தடத்துல வந்தும் ரெண்டு தடவை வயித்துல உக்காந்தாரு, ரெண்டாவது தடவை தோண்டி எடுத்தப்புறம் அவரும் 18-க்கு இறக்கினாரு, அதுக்கப்புறம் மாட்டவே இல்ல. அதே வண்டி, அதே ஆளு, அதே பனி, கண்ணால பார்த்தப்போதான் எனக்கு முழுசா புரிஞ்சுது.

காலையில மைனஸ் 16. முன்னாடி ரெண்டும் 15.5, பின் வலது மட்டும் 12. மலைச்சாரல் அக்கா சொன்னதால அசைக்காம அளந்தேன், இல்லன்னா அப்படியே ஒடிச்சுத் திருப்பியிருப்பேன். வால்வுல ஒரு சொட்டு விட்டதும் குமிழி வந்துச்சு, ஊசியில மிளகு அளவு ஐஸ். துடைச்சு 17-க்கு ஏத்திட்டுக் கிளம்பினோம். செயின் ஒரே எடத்துல, ஐஸ் பிடிச்ச ஒரு இறக்கத்துல தேவைப்பட்டுச்சு, 32-க்கு ஏத்தி மாட்டி இறங்கிட்டு திரும்பக் கழட்டி இறக்க ஒரு மணி நேரம் ஆச்சு, ஆனா அந்த எடத்துல செயின் இல்லாம இறங்கியிருக்கவே முடியாது.

ஒரே ஒரு சந்தேகம். தார் ரோடு வந்து நாலு டயரும் 32-க்கு ஏத்திட்டு வேகம் எடுத்தா 60 தாண்டினதும் ஸ்டியரிங் படபடன்னு அடிக்குது. காத்து நாலுலயும் சரியா இருக்கு. இறக்கி ஓட்டினதுல டயர் உள்ள ஏதாவது கெட்டுப்போச்சா?


மலைச்சாரல்:

பயப்படாதீங்க தம்பி, டயரைப் பார்க்குறதுக்கு முன்னாடி ரிம்மோட உள்பக்கம் கையை விட்டுப் பாருங்க, பிரேக் பக்கம், வெளியிலிருந்து தெரியாது. பனி அங்க அடைச்சு கட்டியா ஒட்டியிருக்கும், ஒரு பக்கம் அரைக் கிலோ ஒட்டினாலே வீல் பேலன்ஸ் போன மாதிரி ஆடும். கொதிக்கிற தண்ணி ஊத்தாதீங்க, கட்டையாலயோ கையாலயோ தட்டி எடுங்க, அலாய்ல கீறல் விழாம. எடுத்தப்புறமும் ஆடுச்சுன்னா சைடுவாலை உள்பக்கம் வெளிப்பக்கம் ரெண்டும் தடவிப் பாருங்க, வீக்கம் இருந்தா அந்த டயர்ல வேகமா போகாம ஸ்டெப்னி மாத்திடுங்க.


குளிர்ப்பாதை:

முன் ரெண்டு ரிம்லயும் இருந்துச்சு அக்கா, இடது பக்கம் ஒரு தேங்காய் மூடி அளவு. தட்டி எடுத்துட்டு ஓட்டிப் பார்த்தேன், 80-லயும் ஆடல. சைடுவால் நாலும் தடவிப் பார்த்துட்டேன், வீக்கம் எதுவும் இல்ல.